தாழ்ந்த காருக்கு எந்த டயர்?

2018-இல் இந்தியச் சாலைக்கு வந்த மூன்றாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட்டுக்கு நிறுவனமே இரண்டு டயர் அளவுகளைக் கொடுத்தது. விலை குறைந்த வகைகளில் 165/80 ஆர்14. விலை கூடியவற்றில் 185/65 ஆர்15. முதலாவது ஒல்லி, இரண்டாவது அகலம். ரிம்மும் ஓர் அங்குலம் பெரிது. ஆனால் மொத்த உயரத்தைக் கணக்குப் போட்டால் சிறியது 619.6 மி.மீ., பெரியது 621.5 மி.மீ. வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லை. அலாய் வீலுக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிற எவரும் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்: ரிம் வளர்ந்தது, சக்கரம் வளரவில்லை.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்து வரும் 65 மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சுவர்கள். அதோடு 15 அங்குல ரிம்மின் 381 மி.மீ.யைச் சேர்த்தால் 621.5. இந்தச் சதவீத விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. 195/45-ம் 205/45-ம் ஒரே உயரம் என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். அகலம் கூடினால் சுவரும் சேர்ந்தே உயரும்.

அதே ஸ்விஃப்ட்டுக்கு 16 அங்குல ரிம் என்றால் 195/55 பொருந்தும், மொத்தம் 620.9 மி.மீ., ஏறக்குறைய அச்சு அசல். 17 அங்குலம் என்றால் 205/45, 616.3 மி.மீ., ஒரு சதவீதத்துக்கும் குறைவான இறக்கம். பழைய உயரத்திலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது டயர் தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் எல்லை. காரணம், ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. டயர் மூன்று சதவீதம் சிறுத்தால், முள் 100 காட்டும்போது கார் 97-இல்தான் போகும். அதில் பெரிய ஆபத்தில்லை. டயர் பெருத்தால் நிலைமை தலைகீழ்: முள் காட்டுவதைவிடக் கார் வேகமாக ஓடும். உண்மை வேகத்தைவிடக் குறைவாக முள் ஒருபோதும் காட்டக்கூடாது என்பது ஐ.நா.வின் 39-ஆம் வாகன விதி.

இதுவரை சொன்னது உயரம் மாற்றாத காருக்கு. ஸ்பிரிங் மாற்றி, அல்லது உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய காயில் ஓவர் போட்டு, 40 மி.மீ. இறக்கிய காருக்கு வரும்போதுதான் சங்கதி சுவாரஸ்யமாகிறது. (பழைய ஸ்பிரிங்கையே இரண்டு சுற்று அறுத்துத் தாழ்த்தும் வேலையை இங்கே பேசவே போவதில்லை. அது மாடிஃபிகேஷன் அல்ல, விபத்துக்கான ஏற்பாடு.)

தாழ்த்திய காரில் இரண்டு இடைவெளிகள் ஒரே நேரத்தில் குறைகின்றன. ஒன்று டயருக்கு மேலே, ஃபெண்டர் வளைவுக்குள். மற்றது காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே. முதலாவது குறைந்தால் டயர் உரசும். உடனே கடையில் கிடைக்கும் யோசனை: “ஒரு சைஸ் கம்மியா போடுங்க சார், உரசாது.” 195/55-க்குப் பதில் 195/50 ஆர்16. மொத்த விட்டம் 601 மி.மீ.க்கு இறங்குகிறது, ஃபெண்டருக்குள் 10 மி.மீ. இடம் கிடைக்கிறது. உரசல் நிற்கலாம். ஆனால் அச்சு தரையை நோக்கி 10 மி.மீ. இறங்கியதால் வயிறும் அதே அளவு இறங்குகிறது. நிறுவனம் சொல்லும் 163 மி.மீ. தரை இடைவெளியில் ஸ்பிரிங் 40-ஐ எடுத்துக்கொண்டது, டயர் 10-ஐ எடுத்துக்கொண்டது. மிச்சம் 113.

இந்திய சாலைக் காங்கிரசின் வழிகாட்டுதலில் வேகத்தடையின் உயரம் 100 மி.மீ., அகலம் 3.7 மீட்டர். தாளில் 13 மி.மீ. மிஞ்சுகிறது. பின் இருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் ஏறினால் அதுவும் போய்விடும். ஊருக்குள் நுழையும் இடத்தில் இரவோடு இரவாக முளைக்கும் வேகத்தடைகள் எந்த வழிகாட்டுதலையும் படித்து முளைப்பவை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே தாழ்த்திய காரில் டயரின் விட்டத்தைக் குறைத்து உரசலைத் தீர்ப்பது, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவது. விட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உரசலுக்கான காரணத்தை வேறிடத்தில் தேடுவதுதான் சரி.

அந்த வேறிடம் பெரும்பாலும் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே இந்த அளவு, ரிம்மில் ‘இ.டி.’ என்று பொறித்திருக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். ஐந்தரை அங்குல அகலமும் இ.டி. 45-ம் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, ஏழு அங்குல அகலமும் இ.டி. 40-ம் உள்ளதை மாட்டினால் வெளி விளிம்பு 24 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 14 மி.மீ. உள்ளே போகும். வெளியே ஃபெண்டர் உதடு, உள்ளே சஸ்பென்ஷன் ஸ்ட்ரட். டயரின் உயரத்தில் அரை சதவீதம் தேடி மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இந்த 24 மி.மீ.யைக் கேட்காமலே பணம் கட்டிவிடுகிறார்கள்.

அகல ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டி, பக்கச்சுவரைச் சாய்வாக நிறுத்தும் பாணி ஜப்பானியக் கார்ப் பிரியர்களிடம் பிரபலமாகி உலகம் சுற்றியது. படத்துக்கு அழகு. ஆனால் ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஏற்ற ரிம் அகலத்தைத் தயாரிப்பாளர் குறித்தே கொடுக்கிறார். 205/45 ஆர்17-க்கு அது ஆறரை முதல் ஏழரை அங்குலம் வரை. அதைத் தாண்டினால் சுவர் ரிம்மைக் காக்காது, ரிம்தான் பள்ளத்தின் அடியை நேராக வாங்கும். ஏற்கெனவே 17 அங்குலத்தில் பக்கச்சுவர் 120-லிருந்து 92 மி.மீ.க்குக் குறைந்திருக்கிறது. மழைக்காலத்துக்குப் பிறகு டயர் கடைகளில் சுவர் உப்பிய டயர்களும் கோணலான ரிம்களும் குவிவதில் வியப்பில்லை. நம் சாலையில் தினமும் ஓட வேண்டிய, தாழ்த்திய ஸ்விஃப்ட்டுக்கு 16 அங்குலமே போதும். 17 கண்காட்சிக்கு.

டயரின் பக்கத்தில் அளவை அடுத்து வரும் எண்ணை யாரும் படிப்பதில்லை. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. 205/45 ஆர்17 இந்த இரண்டு குறியீடுகளிலும் கிடைக்கிறது. பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே இறங்காமல், எக்ஸ்.எல். (கூடுதல் சுமை) என்று எழுதிய 88-ஐக் கேட்டு வாங்க வேண்டும். அதன் முழுச் சுமைத் திறன் கூடுதல் காற்றழுத்தத்தில்தான் கிடைக்கும் என்பதால், கதவோரத்தில் ஒட்டியிருக்கும் பழைய அழுத்த அளவு இதற்குப் போதாது.

துளைகளிலும் ஒரு கண்ணி உண்டு. இந்தியச் சிறிய கார்கள் பலவற்றுக்கு நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம். ஃபியட் புன்டோவுக்கோ 98. இரண்டு மி.மீ.தானே என்று 100 ரிம்மை இறுக்கி மாட்டிய புன்டோக்கள் உண்டு. போல்ட் முழுமையாக உட்காராது. வேகம் ஏறினால் ஸ்டீயரிங் நடுங்கும்.

ஜெர்மனியில் அலாய் வீலுக்கு ஒப்புதல் ஆவணம் உண்டு. எந்தக் காருக்கு எந்த டயர் அளவில் அது செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. வண்டியைத் தாழ்த்த நினைப்பவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

மாட்டி முடித்ததும் காலி வண்டியைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. பின்னால் ஆள் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, சரிவான பாதையில் மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். உரசிய இடம் ஃபெண்டர் உள்விரிப்பில் பளபளப்பாகத் தெரியும். வீல் அலைன்மென்ட் தாழ்த்திய பிறகுதான். முன்பே செய்திருந்தால் மறுபடியும். தாழ்த்திய காரின் சக்கரங்கள் பெரும்பாலும் மேற்பக்கம் உள்நோக்கிச் சாய்வதால் டயரின் உள்விளிம்பு முதலில் தேயும். நின்றபடி பார்த்தால் அது தெரியாது, குனிந்து கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.