சோதனைக் குழாயில் மின்னும் பச்சை... ஃப்ளோரசீன் சாயம் உருவாவது எப்படி?

கண்ணில் தூசி விழுந்து உறுத்தலோட கண் டாக்டர்கிட்ட போயிருக்கீங்களா? ஆரஞ்சு நிறத் தாள் நுனியைக் கண்ணுக்குள் லேசாகத் தொட்டுவிட்டு, நீல விளக்கை அடித்துப் பார்ப்பார். கருவிழியில் கீறல் இருந்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். அந்தச் சாயம்தான் ஃப்ளோரசீன். 1871-ல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் முதன்முதலில் இதைத் தயாரித்தார்.

இதைச் செய்ய பெரிய ஆய்வகம் தேவையில்லை, காலேஜ் லேப் போதும். ப்ளஸ் டூ ப்ராக்டிகலில் ஃபீனாலைக் கண்டுபிடிக்கும் தாலீன் சோதனை ஞாபகம் இருக்கா? அதே கதைதான். ஃபீனாலுக்குப் பதில் ரிசார்சினால், அவ்வளவுதான்.

சோதனைக் குழாயில் ரிசார்சினாலும் தாலிக் அன்ஹைட்ரைடும் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, இரண்டு மூன்று சொட்டு அடர் கந்தக அமிலம் விட்டு, மெதுவாகச் சூடேற்றுவார்கள். ரெண்டும் உருகி செம்பழுப்புக் குழம்பாகும். பார்க்க கருகிப்போன வெல்லப்பாகு மாதிரி இருக்கும். இரண்டு ரிசார்சினால் மூலக்கூறுகள் ஒரு தாலிக் அன்ஹைட்ரைடோடு சேர்ந்து, இரண்டு நீர் மூலக்கூறுகளை வெளியே தள்ளிவிடுகின்றன. அந்த நீரைப் பிடித்துக்கொள்வதுதான் அமிலத்தின் வேலை.

குழாய் நன்றாக ஆற வேண்டும். இங்கேதான் பலரும் அவசரப்படுவாங்க. சூடான அமிலக் கலவையைக் காரத்தில் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, கையுறை, ஆசிரியர் மேற்பார்வை எல்லாம் இருந்தே ஆகணும். வீட்டு கிச்சன் வேண்டவே வேண்டாம்.

ஆறியதை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சில சொட்டு விட்டால், பச்சை நூல் நூலாக இறங்கும். நீல ஒளியை உள்வாங்கி, அதில் கொஞ்சம் ஆற்றலை இழந்து, மீதியைப் பச்சை ஒளியாக வெளிவிடுவதால் இந்த மினுமினுப்பு. இன்னும் ஊத்தலாமேன்னு தோணும். ஊத்தாதீங்க, அடர்த்தி கூடினால் மினுமினுப்பு மங்கி வெறும் ஆரஞ்சாகிடும். அமிலம் சேர்த்தாலும் மங்கும், காரம் சேர்த்தால் திரும்ப வரும்.

1877-ல் டான்யூப் ஆற்றில் 10 கிலோ ஃப்ளோரசீன் சாயத்தைக் கொட்டினார்கள். சுமார் 60 மணி நேரம் கழித்து, தொலைவில் இருந்த ஆக் நீரூற்று பச்சையானது. மண்ணுக்கடியில் ஆற்று நீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது.

இன்று விழித்திரை ரத்தக்குழாய்களைப் படம்பிடிக்க இதையே கை நரம்பில் ஊசியாகப் போடுகிறார்கள். அடுத்த நாள் வரை சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும், பயப்படாதீங்க. ஆனால், அது மருந்துத் தரத்தில் சுத்திகரித்தது. லேபில் நாம் செய்ததைக் கண்ணுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

வீட்டிலேயே ஒளிர்தலைப் பார்க்க ஆசையா? சானிட்டைசரில் சிட்டிகை மஞ்சள்தூள் கலந்து, ரூபாய் நோட்டு சோதிக்கும் புற ஊதா டார்ச்சை அடிச்சுப் பாருங்க. டார்ச்சை மட்டும் நேராகப் பார்க்காதீங்க!