கருப்புத் திரை பேசலைன்னா... ஓடுதா, ஹேங் ஆயிடுச்சா?

மேடவாக்கத்து ஃபிளாட்டில் ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து, ஆபீஸ் சர்வரில் 40 ஜிபி பேக்கப்பை காப்பி செய்யக் கட்டளை கொடுக்கிறார் ஒரு ஐ.டி. ஊழியர். திரையில் கர்சர் மட்டும் கண் சிமிட்டுகிறது. 20 நிமிஷம் ஆச்சு. ‘நின்னுடுச்சோ?’ என்று கன்ட்ரோல்-சி தட்டுகிறார். உண்மையில் காப்பி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மிச்சம், பாதி ஃபைல். சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம் பக்கம் இது புதுக்கதை இல்லை.

கட்டளைகள் ஏன் இப்படி வாயே திறப்பதில்லை? பெல் லேப்ஸில் 1969-ல் யுனிக்ஸ் பிறந்தபோது, பலருக்கும் திரை என்பதே கிடையாது. டெலிடைப் இயந்திரம் காகிதத்தில் அச்சடிக்கும். அதில் பிரபலமான ‘மாடல் 33’-இன் வேகம், விநாடிக்கு 10 எழுத்து. வெட்டிப் பேச்சுக்கு இடமேது? காகிதம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. காப்பி செய்யும் ‘சிபி’ கட்டளை இன்றும் மௌனம்தான். டிஸ்க்கையே நகலெடுக்கும் ‘டிடி’க்கு, எவ்வளவு முடிந்தது என்று தொடர்ந்து காட்டும் வசதி லினக்ஸில் வந்ததே 2015-ல்தான்!

சரி, எப்போது காட்டணும்? 1 விநாடிக்குள் முடிந்தால் தேவையே இல்லை. 10 விநாடியைத் தாண்டினால் மனசு வேறெங்கோ போய்விடும், அங்கே கட்டாயம் காட்டணும் என்கிறார் பயன்பாட்டியல் நிபுணர் ஜேக்கப் நீல்சன். ‘கிட்’ இதில் கெட்டிக்காரன். சில வேலைகளில் ஓரிரு விநாடி பொறுத்துப் பார்த்து, இழுக்கிறது என்றால் மட்டுமே சதவீதம் காட்டும். மொத்த அளவு தெரியாதபோது ‘இதுவரை 3,200 ஃபைல்’ என்று சொன்னாலே போதும். 99 சதவீதத்தில் அரை மணி நேரம் நிற்கும் பொய்க் கோட்டுக்கு அது எவ்வளவோ மேல்.

ஆனால், பார்க்க ஆளே இல்லாத இடத்தில்? நள்ளிரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டின் லாக் ஃபைலில் சதவீதக் குப்பை குவிந்தால், காலையில் எர்ரரைத் தேடுபவர் பாடு திண்டாட்டம். அதனால்தான் நல்ல மென்பொருள்கள், எதிரே இருப்பது டெர்மினலா, ஃபைலா என்று முதலில் சோதிக்கின்றன. டெர்மினல் இல்லை என்றால் கப்சிப்.

அலங்காரத்துக்கும் விலை உண்டு. 2016 ஜனவரியில், ‘என்பிஎம்’ காட்டிய முன்னேற்றக் கோடே இன்ஸ்டாலை இழுத்தடிப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். கோட்டை அணைத்ததும் வேகம் கூடியது!

உங்கள் ‘சிபி’ இப்போது மௌனமாக நிற்கிறதா? மேக் என்றால் கன்ட்ரோல்-டி அழுத்துங்கள், நிலவரம் சொல்லும். லினக்ஸ் என்றால் இன்னொரு விண்டோவில் ஃபைல் சைஸ் ஏறுகிறதா பாருங்கள். அடுத்த முறை ‘ஆர்சிங்க்’ பயன்படுத்தினால், சதவீதம் கேட்கலாம். பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழி இருக்கிறது.