இடி துரத்திய மேஜர், சாபம் பிடித்த நாற்காலி: தெரியுமா?

லுணுகலையில் பஸ் ஏறி, பசறை வழியாகப் பதுளைக்குப் போகிறீர்களா? அங்கே புனித மார்க் தேவாலயத்தைக் கட்டாயம் பாருங்கள். அது யார் நினைவாக எழுந்தது தெரியுமா? ஒரு யானை வேட்டைக்காரர் நினைவாக! பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ். அவர் சுட்டுத் தள்ளிய யானைகள் 1,300க்கும் மேல் என்கிறார்கள்! நெஞ்சு பதறுகிறதா இல்லையா?

முடிவைக் கேளுங்கள். 1845 ஜூன் 7. அப்புத்தளை வாடிவீட்டில் தங்கியிருக்கிறார். இடி மழை ஓய்ந்துவிட்டதா என்று பார்க்க விறாந்தைக்கு வந்தாராம். அந்த நொடியே மின்னல் தாக்கி உயிர் போனது! அதோடு விட்டதா? நுவரெலியாவில் புதைத்தார்கள். அந்தக் கல்லறையிலும் இடி விழுந்து கல் பிளந்ததாம்! யானைகளின் சாபம் என்றுதான் மலைநாட்டில் பேச்சு. 'பப்' எனப்படும் இங்கிலாந்து மதுக்கடைகளில் உலாவும் கதைகளில்கூட இதற்கு ஈடானது இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே!

ஆனால், அந்தக் கதைகளும் லேசுப்பட்டவை அல்ல. யோர்க்‌ஷயரில் பஸ்பி ஸ்டூப் என்றொரு பப் இருந்தது. அங்கே இருந்த ஒரு நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் உயிர் தங்காதாம்! 1702இல் தூக்கிலிடப்பட்ட தோமஸ் பஸ்பியின் சாபமாம்! 1978இல் அதைத் தேர்ஸ்க் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது எங்கே தெரியுமா? யாரும் உட்கார முடியாதபடி சுவரில் உயரே தொங்குகிறது!

லண்டன் செஷயர் சீஸ் பப்பின் கிளி 1926இல் செத்தபோது பத்திரிகைகளே இரங்கல் செய்தி போட்டன! முதலாம் உலகப்போர் முடிந்த இரவில், ஷாம்பெயின் மூடி தெறிக்கும் சத்தத்தை அது 400 தடவை எழுப்பி மயங்கி விழுந்ததாம்!

நொட்டிங்ஹாமில் பாறையைக் குடைந்த பப் ஒன்றின் சுவரில், அது தொடங்கியதாக எழுதியிருக்கும் ஆண்டு என்ன? 1189!

சரி, பப்பில் ஊற்றும் பியருக்கு நம் மலைநாட்டிலும் கதை உண்டா? 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலக் கிராமம் ஒன்றையே அமைக்க வந்தார் சாமுவேல் பேக்கர். ஆட்கள், காளை, பசு, வேட்டை நாய்கள் எல்லாம் கப்பலிலேயே வந்து இறங்கின! 1849இல் அவர் வடித்த பியரில்தான் லயன் பியரின் கதை தொடங்குகிறது. 1881இல் அங்கே தொழிற்சாலையே எழுந்தது. லவர்ஸ் லீப் நீர்வீழ்ச்சித் தண்ணீர் பியரானது! அந்த வழியில் வந்த லயன் ஸ்டவுட்டில் மதுசாரம் எவ்வளவு? 8.8 சதவீதம்! இங்கிலாந்தின் சாதாரண 'பிட்டர்' வகைப் பியரைப்போல இரண்டு மடங்கு! இதே பேக்கர்தான் 1864இல் ஆப்பிரிக்காவின் அல்பர்ட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றவர்!

தோட்டத்துத் துரைமாருக்குப் பப் எது? கிளப்தான்! பண்டாரவளை ஹோட்டலே 1893இல் அவர்களின் கிளப்பாகத் தொடங்கியதாம். நுவரெலியா ஹில் கிளப் அதற்கும் மூத்தது, 1876! 1960களின் பிற்பகுதிவரை உள்நாட்டார் எவரும் அதில் உறுப்பினராக முடியவில்லை! கொழுந்து பறித்து அந்தத் துரைமாரின் செல்வத்தையெல்லாம் குவித்துக் கொடுத்தவர்கள் நம் பாட்டிமார்! இன்று தற்காலிக உறுப்பினர் கட்டணம் கட்டினால் நீங்களும் உள்ளே போகலாம். இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் கோட்டும் டையும் வேண்டும். இல்லையா? கவலை வேண்டாம், கிளப்பே இரவல் தரும்!