ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு வரி விசாரணை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ். பொருத்தத்தைப் பாருங்கள், ரோட்டுக்குப் பெயரே ஜி.எஸ்.டி. ரோடு! (வெள்ளைக்காரன் வைத்த பெயர். வரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பக்கத்து சீட்டில் வேர்க்கடலைக் கூடையோடு ஒரு அம்மா. நான் பேப்பரில் வருமான வரிச் செய்தி படிப்பதைப் பார்த்து, "நமக்கேது தம்பி வரி? அதெல்லாம் பெரிய சம்பளக்காரங்களுக்கு" என்றார்.

படித்த பி.காம். சும்மா இருக்குமா? மனசுக்குள் கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு மாதம் 10,000 ரூபாய், அத்தனையும் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்ச ரூபாய் வாங்கும் ஆபீசர் 40,000 செலவழிக்கிறார். எல்லோருக்கும் ஒரே விகிதமாக வருமானத்தில் 10 சதவிகிதம் என்றால் அம்மா 1,000, ஆபீசர் 10,000. அதே 10 சதவிகிதத்தைச் செலவின்மேல் போட்டால்? அம்மாவுக்கு அதே 1,000. ஆபீசருக்கு 4,000தான்! மிச்சத்தைச் செலவழிக்கும்போது கட்டிவிடுவார் என்பார்கள். அவரா, பேரனா என்பது யாருக்குத் தெரியும்?

நம்மூருக்கு இது புதுசில்லை. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் ராஜாஜி பொது விற்பனை வரி கொண்டுவந்தார். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து, பெட்ரோல், மது மாதிரி சிலது நீங்கலாக, விற்பனை வரியை விழுங்கியது. மூட்டை பிரித்து நிறுத்துத் தரும் அரிசிக்கு வரியில்லை, அந்த மட்டும் புண்ணியம். சோப்புக்கு 18 சதவிகிதமாக இருந்தது 2025 செப்டம்பரில் 5 ஆனது.

திண்டிவனத்தில் இறங்கியதும் அம்மா 10 ரூபாய் சோப்பு ஒன்று வாங்கினார்.

"இதுல சுமார் 48 பைசா வரிம்மா."

"எங்க போட்டிருக்கு?"

பொடி எழுத்தைக் காட்டினேன்: எல்லா வரிகளும் உட்பட.

"இத்தினி வருசமாவா?" என்றார்.