மின்னஞ்சலின் எடை

தபாலில் கடிதம் அனுப்புவோர் அதன் எடையைக் கவனியாதிருப்பதில்லை. எடை கூடினால் தபால்தலையும் கூடும். மின்னஞ்சல் அனுப்புவோர் கையில் இத்தகைய தராசு ஏதுமில்லை. சுமை முழுவதையும் அலுவலகத்தின் பொதுத் தொடர்புப் பாதையும் அஞ்சல் சர்வருமே தாங்குகின்றன. ஆதலின், பெரிய கோப்புகளை மின்னஞ்சலுடன் இணைக்கும்போது நிகழ்வது யாதென அறிந்துகொள்ளுதல் யாவர்க்கும் பயன் தரும்.

1982-ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் வகுத்தளித்த எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் விதிமுறை, ஏழு பிட்டுகளால் குறிக்கத்தக்க 128 குறிகளை மட்டுமே சுமந்து செல்வதற்கென ஏற்பட்டது. புகைப்படமும் ஒலிப்பதிவும் எட்டு பிட் கொண்ட பைட்டுகளால் ஆனவை. அவை அப்பாதையில் சிதையாமற் செல்ல இயலாது. இத்தடையை நீக்கும் பொருட்டு 1992-இல் நதேனியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் ஆகிய இருவரும் 'மைம்' என்னும் முறையை வெளியிட்டனர். இதன்படி மூன்று பைட்டுகளில் அடங்கிய 24 பிட்டுகளும், ஆறு பிட் கொண்ட நான்கு கூறுகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு கூறுக்கும் 64 குறிகளுள் ஒன்று அளிக்கப்படுகிறது. மூன்று நான்காவதால் கோப்பின் பருமன் மூன்றிலொரு பங்கு பெருகுகிறது. வரி முடிவுக் குறிகளும் சேர்ந்தால், 10 மெகாபைட் கோப்பு ஏறக்குறைய 13.7 மெகாபைட் ஆகிறது. இணைப்புக் கோப்புகளிற் பெரும்பாலானவை இன்றும் இவ்வாறே செல்கின்றன.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். அஞ்சல் சர்வர் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. 30 பேர் பணிபுரியும் கிளை அலுவலகம் ஒன்று, வினாடிக்கு 2 மெகாபிட் ஏந்தும் பாதையால் அதனுடன் தொடர்பு கொண்டுள்ளது என்க. மேற்கூறிய கோப்பு ஒருமுறை வந்து சேரச் சுமார் 55 வினாடிகள் ஆகும். அதனை அனைவருக்கும் அனுப்பி, ஒவ்வொருவரும் தனித்தனியே இறக்கிக்கொண்டால், பாதை 27 நிமிடங்களுக்கு மேல் நிரம்பியிருக்கும். அவ்வேளையில் ஆற்றின் நீர்மட்டத்தைத் தெரிவிக்கும் இரண்டு வரிச் செய்தி வந்தாலும், அது நெரிசலிற் சிக்கித் தாமதமாகலாம். அவசரச் செய்திகள் பெரும்பாலும் சிறியவை. அவற்றைத் தடுப்பவையோ அவசரமற்ற பெரிய கோப்புகளே.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு. பலரும் காண வேண்டிய கோப்பைக் கிளை அலுவலகத்திலுள்ள பொதுச் சேமிப்பகத்தில் ஒரு பிரதியாக வைத்து, அதன் முகவரியை மட்டும் அஞ்சலில் தெரிவிக்கலாம். இதனால் வெளிப் பாதையை அக்கோப்பு ஒருமுறையே கடக்கும். புகைப்படங்களின் அளவைக் குறைத்தலும் நன்று. 4000க்கு 3000 புள்ளிகள் உள்ள படத்தை 1600க்கு 1200 ஆக்கினால், புள்ளிகளின் எண்ணிக்கை ஆறிலொரு பங்கிற்கும் குறைகிறது. ஆனால் 'ஜேபெக்' படங்களை 'ஜிப்' முறையில் சுருக்குவதால் அதிகப் பயனில்லை. அவை முன்னமே சுருக்கப்பட்டவை.

அஞ்சலின் உச்ச அளவை நிர்ணயிப்பது சர்வர் அதிகாரியின் கடமை. 1995-இல் வரையறுக்கப்பட்ட விதியின்படி, அனுப்பும் சர்வர் அஞ்சலின் அளவை முன்கூட்டியே அறிவிக்கலாம். அளவு மிகுந்தால், பெறும் சர்வர் உள்ளடக்கம் வருமுன்பே மறுத்துவிடும். எனினும் இவ்வரம்பு மட்டும் போதாது. கோப்பைத் துண்டுகளாக்கிப் பல அஞ்சல்களில் அனுப்பினால், மொத்தச் சுமை சிறிதும் குறைவதில்லை. வேறு வழியை ஏற்படுத்திய பின்னரே வரம்பு பயன்படும்.

ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கைத் தத்தம் பள்ளியின் பாதை வேகத்தைக் கொண்டு மாணவரைச் செய்து பார்க்கச் சொல்லலாம். பைட்டை எட்டால் பெருக்கிப் பிட்டாக்கிய பின்னரே வேகத்தால் வகுக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுதல் அவசியம்.