கோணல் காலும் குட்டைக் காலும்

கொல்லையில் பத்துக் கோழி வளர்க்கும் அங்கத்தினரிடம், கால் கோணிய குஞ்சை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், கழித்துவிட்டோம் என்பார். அதனை ஈன்ற சேவலும் பேடும் அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கும். அடுத்த அடைக்கும் அந்த ஜோடியின் முட்டைகளே வைக்கப்படும்.

எனினும், வம்சத்தின்மீது பழி போடுமுன் தீவனத்தைப் பார்த்தல் வேண்டும். குஞ்சின் விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, அது முட்டியை ஊன்றி நடக்குமாயின், ரிபோஃப்ளேவின் என்னும் பி2 உயிர்ச்சத்துக் குறைவே பெரும்பாலும் காரணமாகும். மோரும் பசுங்கீரையும் தொடக்கத்திலேயே கொடுத்தால் தேறக்கூடும், நாட்பட்டால் தேறாது. கால்கள் இருபுறமும் விரிந்துபோவது பலவேளை வழுக்கும் தரையில் குஞ்சுகளை விடுவதால் நேர்வது. உமி பரப்பினால் இதைப் பெரிதும் தவிர்க்கலாம். இவற்றுக்காகப் பெற்றோரைக் கழித்தால் நல்ல கோழியை வீணே இழப்போம்.

ஒரே தீவனம் தின்று ஒரே இடத்தில் வளரும் குஞ்சுகளுள், ஒரு ஜோடியின் குஞ்சுகளுக்கு மட்டும் அடைக்கு அடை அலகு கோணுமாயின், அப்போது வம்சத்தை ஐயுறலாம். கோழியின் கொண்டை வடிவம் மெண்டல் கண்ட விதிப்படியே வழிவழி வருகிறது என்பதை பேட்சன் 1902இல் காட்டினார். குறைகளிலும் சில அவ்விதியையே பின்பற்றுகின்றன.

குட்டைக்கால் கோழியைப் பாருங்கள். அழகுக்காக இதனைச் சிலர் விரும்புகின்றனர். இக்குணத்தின் கூறு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் கால் குட்டையாகும். இருவரிடமிருந்தும் வந்தால் கரு முட்டைக்குள்ளேயே மடியும். குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பேட்டையும் சேர்த்தால், சராசரியாக நான்கு கருக்களில் ஒன்று பெரும்பாலும் அடைவைத்த முதல் சில நாட்களிலேயே சாகும். நாமோ கூமுட்டை என்றும், அடைக்கோழி சரியில்லை என்றும் சொல்லிக்கொள்கிறோம்! நெட்டைக்கால் சேவலைச் சேர்த்தால் இந்தச் சாவு இல்லை. குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி குட்டையாகவும் பாதி நெட்டையாகவும் வரும்.

விகாரமாகத் தோன்றுவதெல்லாம் குறையன்று. கழுத்தில் இறகில்லாத கோழியைக் கண்டு முகஞ்சுளிப்பாருண்டு. அதுவும் பரம்பரைக் குணமே. ஆயினும் இறகு குறைந்திருப்பதால் வெயிலை அது நன்றாகத் தாங்குகிறது. அதைக் கழிக்க வேண்டுவதில்லை.

கடினமான முடிவு ஒன்றுண்டு. நன்றாக முட்டையிடும் பேட்டின் குஞ்சுகளில் மறைந்த குறை வெளிப்பட்டால் என்ன செய்வது? அத்தகைய குறை பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருந்தால்தான் வெளிப்படும். நேராகத் தோன்றும் உடன்பிறப்புகளிலும் மூன்றில் இரண்டு அதைச் சுமந்திருக்கும். ஆகவே அந்தப் பேட்டை வைத்துக்கொண்டு முட்டையை உண்ணலாம், விற்கலாம், அடைக்கு வைக்கலாகாது. அதன் குஞ்சைச் சக அங்கத்தினருக்கு விற்பது, சாயம் போகும் நூலைத் தெரிந்தே கொடுப்பதை ஒக்கும். சேவலையும் இனவிருத்தியிலிருந்து விலக்கிவிட்டு, உறவில்லாத வேறு சேவலைக் கொண்டுவருதல் வேண்டும். ஒரே சேவல் தன் மகள்களோடும் பேத்திகளோடும் சேர்ந்துகொண்டிருந்தால் ஒளிந்த குறைகள் வெளிவருவது எளிது.

எந்தக் குஞ்சு எந்த ஜோடியினது என்று அறிய, தறியில் மிஞ்சும் வண்ண நூலே போதும். ஜோடிக்கு ஒரு நிறமாகக் காலில் தளரக் கட்டலாம். வாரந்தோறும் அவிழ்த்துக் கட்டுதல் வேண்டும். மறந்தால் நூல் சதையில் இறங்கிக் கால் கோணும். அப்பழி சேவலைச் சாராது.