சுவரில் புகுந்து முதுகில் சுடலாம்! மாணவர் செய்த வீடியோ கேம் பட்ட பாடு

எதிரி கண் முன்னே நிற்கிறான். கையில் துப்பாக்கி. நீங்கள் பக்கத்துச் சுவருக்குள் பாய்கிறீர்கள். அடுத்த வினாடி அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். டுமீல்! ஆள் காலி.

மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. "ஸ்ப்ளிட்கேட்" என்ற வீடியோ கேமில் சண்டை இப்படித்தான்!

அமெரிக்காவில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்தவர் இயான் புரூ. மாணவராக இருக்கும்போதே இதற்கு விதை போட்டார். பிறகு நண்பர் நிக்கோலஸ் பகாமியனுடன் சேர்ந்து "1047 கேம்ஸ்" என்ற கம்பெனி தொடங்கினார்.

இரண்டு வாசல்

ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு சுவரில் ஒரு வாசல், வேறொரு சுவரில் இன்னொரு வாசல் திறக்கலாம். இதில் நுழைந்தால் அதில் வெளியே வரலாம். ஆள் மட்டும் அல்ல, தோட்டாவும் போகும்! வேகமாக வந்து இந்த வாசலில் விழுந்தால், அதே வேகத்தில் அந்த வாசலிலிருந்து கவண்கல் மாதிரி பறக்கலாம்.

எல்லாச் சுவரிலும் வாசல் திறக்காது. அதற்கென்று இடங்கள் உண்டு. உங்கள் வாசல் வழியே மறுபக்கம் உங்களுக்குத் தெரியும். எதிரிக்குத் தெரியாது. ஆனால் அவன் துணிந்து உள்ளே புகலாம். அந்தப் பக்கம் யார் காத்திருக்கிறார்களோ! வயிற்றைக் கலக்குகிற இடம் இதுதான்.

வாசல் யோசனை புதிது அல்ல. 2007-ல் வால்வ் கம்பெனி கொண்டுவந்த "போர்ட்டல்" கேமிலேயே உண்டு. அது புதிர் விளையாட்டு. அதை "ஹேலோ" பாணி துப்பாக்கிச் சண்டையோடு முடிச்சுப் போட்டார்களே, அங்கேதான் இவர்கள் கெட்டிக்காரர்கள்.

திபுதிபு கூட்டம்

2019 மே மாதம் கம்ப்யூட்டருக்கு வந்தது. காசு கிடையாது, இலவசம். முதலில் கொஞ்சம் பேர் வந்தார்கள். பிறகு கூட்டம் கரைந்தது.

2021 ஜூலையில் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கருவிகளிலும் சோதனைக்கு விட்டார்கள். அவ்வளவுதான், திபுதிபு என்று கூட்டம்! சர்வர் தாங்கவில்லை. ஆட வந்தவர்கள் ரேஷன் கடை மாதிரி கியூவில் நின்றார்கள். முழு வெளியீடே தள்ளிப்போனது. சுமார் ஒரு மாதத்தில் 1 கோடி பதிவிறக்கம்!

பணக்காரர்கள் சும்மா இருப்பார்களா? செப்டம்பரில் முதலீட்டாளர்கள் 10 கோடி டாலர் கொட்டினார்கள்.

ஆனால் 2022 செப்டம்பரில், இந்த கேமில் இனிப் புது வேலை இல்லை என்று கம்பெனி கைவிரித்தது. அடுத்த கேமைச் செய்யப் போகிறார்களாம். தெரிந்த குதிரையை விட்டு இறங்கி, பிறக்காத குதிரைக்குச் சேணம் தைத்த கதை!

தொப்பி வினை

2025 ஜூன் 6-ந் தேதி "ஸ்ப்ளிட்கேட் 2" வந்தது. அதே நேரம் லாஸ் ஏஞ்சல்ஸ் விழா மேடையில் ஏறினார் புரூ. தலையில் ஒரு தொப்பி. டிரம்பின் தேர்தல் கோஷத்தைத் திருப்பிப் போட்டு, துப்பாக்கி கேம்களை மறுபடி மகத்தானதாக்குவோம் என்ற பொருளில் அதில் வாசகம்! போதாக்குறைக்கு, வருடா வருடம் ஒரே மாதிரி "கால் ஆப் டூட்டி" ஆடி அலுத்துவிட்டது என்று ஒரு குத்தல் வேறு. ரசிகர்கள் கொதித்தார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

கூட்டம் தங்கவில்லை. ஜூலையில் கேமை மறுபடி சோதனை நிலைக்கே இழுத்தார்கள். ஊழியர்கள் பலருக்கு வேலை போனது. செலவு கட்டவில்லை என்று பழைய கேமின் சர்வரையும் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. தொப்பி போட்டவர் மன்னிப்போடு தப்பித்தார். வேலை செய்தவர்கள்தான் வீட்டுக்குப் போனார்கள்.

2025 டிசம்பரில் "ஸ்ப்ளிட்கேட்: அரீனா ரீலோடட்" என்று பெயர் மாற்றி, பழைய அரங்கச் சண்டையை முன்னே வைத்து மீண்டும் வந்தது. நுழைவு அப்போதும் இலவசம்தான். இந்தத் தடவை கியூ இல்லை.